மொட்டைமாடி பாய்லரும் மூன்றாவது தட்டலும்

உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத, அதனாலேயே இப்போது நினைத்து நினைத்து அழவைக்கிற என் மச்சான் தனபாலுக்கு,

முதலில் கெட்ட சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் பாய்லருக்குள் நாங்கள் ரசம் வைத்துவிட்டோம்.

பதறாதே, கடைசிவரை கேள். அங்கே உனக்கு வேறு என்ன வேலை? நீ போயிருக்கும் இடத்தில் கொதிக்கிற கொப்பரை எதுவும் இருக்காது. அது இருக்கிற இடத்தில் எனக்குத்தான் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உன் தங்கச்சி ரேவதி தினமும் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் ஒட்டுக்கேட்பார்கள் மச்சான். என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. கிழமை நாளில் துறைமுகத்தில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமையில் குடும்ப மானத்தைப் பத்திரிகைக்கு விற்கிறவன். ஒட்டுக்கேட்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தாய்? சொன்ன ஜோக்கையே நான் திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிப்பாய்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி நம் வீடு. தரைத்தளத்தில் நீயும் உன் மனைவி மல்லிகா அக்காவும். முதல் மாடியில் நானும் ரேவதியும். அதற்கு மேலே உன் மகன் பிரபுவும் அவன் மனைவியும். கல்யாணமான புதிதில், "வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கிறவரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெட்டியோடு வந்தவன் நான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவே சிரித்தபோது, சிரிக்காமல் என் பெட்டியை வாங்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன ஒரே ஆள் நீ.

மல்லிகா அக்கா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். ஐஸ் தண்ணீரில் நின்று, ஐஸ் தண்ணீரில் கைவிட்டு. நாற்பது தாண்டியதும் அந்தக் குளிர் அவள் விரலிலும் முட்டியிலும் குடித்தனம் வந்துவிட்டது. என்னை மாதிரியே, வந்தது போகவில்லை. காலையில் எழுந்தால் கை மூடியபடியே இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் விரல் பிரியும்.

நீ எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டினவன். காயலான் கடையில் ஒரு பெரிய செம்பு டிரம்மைப் பிடித்தாய். அதற்கு அடுப்பு கட்டி, மொட்டைமாடியில் ஏற்றி, மேலிருந்து கீழ்வரை இரும்புக் குழாய் இறக்கி, மூன்று குளியலறைக்கும் வெந்நீர் கொண்டுவந்தாய். எரிப்பதற்கு மரப்பெட்டி உடைத்த பலகைத் துண்டு. தெருவில் எல்லோரும் அதை "தனபாலு கப்பல்" என்றார்கள். மாடியில் புகை வந்தால் கப்பல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குழாய் பேசும். நினைவிருக்கிறதா? விடிந்ததும் டங், டங் என்று இரண்டு சத்தம். மூன்று தளத்திலும் சுவருக்குள்ளிருந்து கேட்கும். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவாள். சில நாள் இரண்டுக்குப் பதில் மூன்று கேட்கும். நான் ஒருநாள் உன்னிடம் கேட்டேன்.

"இன்னா மச்சான், உன் பைப்பு தந்தி அடிக்குது?"

"இரும்பு மாப்ள. சூடு ஏறுனா விரியும். விரிஞ்சா சத்தம் குடுக்கும்."

"ஒரு நாளு ரெண்டு, ஒரு நாளு மூணு. இன்னா கணக்கு?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "மூணு கேட்டா அன்னிக்கி சூடு ஜாஸ்தின்னு அர்த்தம். பாத்து ஊத்திக்கோ."

பாய்லர்காரன் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? அன்றிலிருந்து மூன்று சத்தம் கேட்ட நாளில் எல்லாம் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கூடக் கலந்தேன்.

பிறகு போன வருஷம் ஆடி மாதம். வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசல்வரை உன் தலை என் மடியில் இருந்தது. வழியெல்லாம் உன் சட்டையின் மிச்சப் பொத்தான்களை நான் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் போட்டேன்? இன்றுவரை தெரியவில்லை மச்சான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு நாங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மல்லிகா அக்கா அந்த வழக்கத்தோடு பாய்லரையும் சேர்த்துவிட்டாள். வருஷம் திரும்புகிறவரை அதைப் பற்றவைக்கக் கூடாது என்று ஒரே பேச்சு. பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தாள். பனி கொட்டுகிற மார்கழியிலும் பச்சைத் தண்ணீர். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து ரேவதி கொண்டுபோய்க் கொடுத்தால், அதை எடுத்துப் பாத்திரம் கழுவிவிடுவாள்.

விரல்கள் மறுபடி மூட ஆரம்பித்தன. முதலில் சுண்டுவிரல். பிறகு சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டாள். டாக்டர், கையை வெந்நீரில் வைக்கச் சொன்னார். டாக்டருக்குத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

வருஷத் திதி முடிந்தது. பாய்லரை அப்போதும் பற்றவைக்க விடவில்லை. பிரபுவுக்குப் பொறுமை போய்விட்டது. அவனைக் குற்றம் சொல்லாதே, தாய் கையைப் பார்த்துக் கலங்கியவன்.

"மாமா, நான் சொல்றேன். கீழ பாத்ரூம்ல ஒரு கீசரு மாட்டிடலாம். சுவிட்சு போட்டா வெந்நி. மேல கீற அந்தச் செம்ப காயலான் கடைக்குத் தள்ளிடலாம்."

"செவுத்துல ஓட்ட போட எவன் வரான்னு பாக்கறேன்" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

கடைசியில் ரேவதிதான் பஞ்சாயத்து பண்ணினாள். தீபாவளிக்குள் அண்ணன் பாய்லர் ஓடவேண்டும், அண்ணி அதில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டும். ஓடவில்லை என்றால் பாய்லர் காயலான் கடைக்குப் போகும், கீசர் வரும். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாய்லரை ஓடவைக்கிற பொறுப்பு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஆளிடம் வந்தது. நான்தான், வேறு யார்?

மேலே போய்த் திறந்து பார்த்தேன். ஒரு வருஷமாக உள்ளேயே நின்ற தண்ணீர். நம் ஊர் போர்வெல் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும். பாதி உப்பு, பாதி துரு. கையை விட்டால் அடியில் களிமண் மாதிரி சேறு. குழாயைத் திருகினால் கீழே ஒரு சொட்டு வரவில்லை.

"உங்கண்ணன் வருசா வருசம் தீபாவளிக்கு முன்னாடி இத்த சுத்தம் பண்ணுமே, எப்டி பண்ணும்?" என்றேன்.

ரேவதி யோசித்தாள். முகம் மலர்ந்தது. "புளி! எங்கிட்டதான் வந்து கேக்கும். பழைய புளி ஒரு பெரிய உருண்டை குடுன்னு. நான்தான் குடுப்பேன்."

அப்புறம் என்ன? இரண்டு பேரும் உட்கார்ந்து, வீட்டிலிருந்த பழம்புளியை எல்லாம் அண்டாவில் கரைத்தோம். வடிகட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. மொத்தத்தையும் பாய்லரில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். கொதி வந்தபோது எனக்கே வாய் ஊறியது மச்சான், பொய் சொல்லவில்லை. எதிர் வீட்டம்மா மாடிக்கே வந்து எட்டிப் பார்த்து, "இன்னா கஜேந்திரா, விசேஷமா? ரச வாசன தெருவையே தூக்குது" என்று கேட்டாள். பிரபு மனைவி குளியலறையில் குழாயைத் திறந்தாளாம். பழுப்பாக ஒரு கரண்டி விழுந்ததாம், அதோடு ஒரு புளியங்கொட்டை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. முன்பு சேறு மட்டும் அடைத்திருந்தது. இப்போது சேறும் புளி நாரும் சேர்ந்து கட்டிவிட்டன.

அக்கா விஷயம் கேள்விப்பட்டுப் படியேற முடியாமல் கீழிருந்தே கத்தினாள். "புளி வெளிய தேக்கறதுக்குடீ! செம்பு பளபளன்னு இருக்கணும்னு அந்தாளு உக்காந்து தேய்க்கும். உள்ள ஊத்தறதுக்கு அது இன்னா கொழம்பா?"

"ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?"

"நீங்க என்னிக்கிடீ கேட்டீங்க?"

ஆக, உன் தோஸ்து, பைப்புக்காரர் காதர் பாயைக் கூப்பிட்டோம். தண்டையார்ப்பேட்டையிலிருந்து ஒரு பை நிறைய ஸ்பானரும் இரண்டு பை நிறைய வாயுமாக வந்தார். நீ போன பிறகு பாய் கொஞ்சம் இளைத்திருக்கிறார். பேச்சு இளைக்கவில்லை. பாய்லருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இதுல கொத்தமல்லி மட்டும்தான் கொறச்சல்."

"பாய், மானத்த வாங்காத."

"இந்தக் கலீஜுக்கு ஒரே வழி. மேலேர்ந்து தண்ணி உட்டா அடப்பு இன்னும் எறுகும். கீழேர்ந்து எதுத்து அடிக்கணும். சம்ப்பு மோட்டார மாட்டி, கீழ் பாத்ரூம் கொழாயிலேர்ந்து மேல ஏத்தறேன். நீ மாடில பைப்பு வாய வாளில புடிச்சினு நில்லு. எது வந்தாலும் வுடாத."

எது வந்தாலும் என்று சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு நின்றேன். கீழே பாய் மரச் சுத்தியால் குழாயை அடிக்கும் சத்தம். மோட்டார் உறுமியது. ஒன்றும் வரவில்லை. குனிந்து குழாய்க்குள் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததை ரேவதி இதுவரை எத்தனையோ பேரிடம் நடித்துக் காட்டிவிட்டாள். கறுப்பு, பிறகு காவி, பிறகு புளி. மூக்கு, காது, வாய். "அப்டியே புடி சார், வுடாத!" என்று கீழிருந்து பாய். நான் விடவில்லை மச்சான். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது.

வாளி வாளியாக வந்தது. மை மாதிரிச் சேறு, தகடு தகடாக உப்பு, மணல் மாதிரி துரு. பாய் மேலே வந்து அதில் ஒரு விரலை விட்டு, தேய்த்துப் பார்த்தார். இத்தனை நாளாகக் காலையில் நீ அதில் ஊற்றிய தண்ணீரில் தங்கியதெல்லாம் அந்த வாளியில் கிடந்தது. ரேவதி பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருப்பாள். வாளியைப் பார்த்தவள், "எங்கண்ணன் மொண்டு ஊத்துன தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. சேறு அப்பிய முகத்தோடு அழுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. பாய் குழாய் இணைப்பை எல்லாம் இறுக்கிவிட்டு, கீழே அக்கா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"இனிமே தண்ணி சும்மா அருவி மாதிரி வரும். காலைல டங்கு டங்குன்னு ஒரு சத்தம் வருமாமே, அதுவும் இனிமே வராது. சேறு அடச்சா காத்து மாட்டிக்கும், அதான் இடிக்கும். எல்லாம் எடுத்துட்டேன். கேரண்டி."

நாங்கள் எல்லோரும் கைதட்டாத குறை. மல்லிகா அக்கா அவரிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்போதாவது நான் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஊரில் உள்ள எல்லோர் முகத்தையும் பார்த்து எழுதுகிறவன், வீட்டில் இருக்கிற முகத்தைப் பார்ப்பதில்லை. இதை நீ சொல்லியிருக்கலாமே மச்சான், உனக்குத் தெரிந்துதானே இருந்தது?

தீபாவளி அன்று விடிவதற்குமுன் நான் மாடியேறினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பலகை நனைந்துவிட்டது. உன்னைப் போல ஒரே குச்சியில் பற்றவைக்க எனக்கு வராது. ஒரு தீப்பெட்டியும் என் பழைய கட்டுரை வந்த பத்திரிகை இரண்டும் செலவாயின. அவை எதற்காவது பயன்பட்டது அன்றுதான். செம்பை ரேவதி முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்திருந்தாள். வெளியே மட்டும். தீ வெளிச்சத்தில் உன் கப்பல் தங்கம் மாதிரி நின்றது.

தண்ணீர் கொதித்தது. பிரபு தன் குளியலறைக் குழாயைத் திறந்து, "வெந்நி வருது மாமா!" என்று கத்தினான். நான் இறங்கிக் கீழே வந்தேன். மல்லிகா அக்கா தலையில் ரேவதி எண்ணெய் வைத்து முடித்திருந்தாள். அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு மடியில். எழுந்திருக்கவில்லை.

"அம்மா, தண்ணி ரெடி. போம்மா" என்றான் பிரபு.

"சத்தம் வரட்டும்."

"அது வராதும்மா. பாய்தான் அடப்ப எடுத்துட்டாரே. குழாய தொறந்தா ஆவி பறக்குது, வந்து பாரு."

"தண்ணி கொதிச்சா போதுமாடா? யாராவது சொல்ல வேணாமா?"

"நான்தான் சொல்றனே!"

அக்கா சுவரைப் பார்த்தாள், குழாய் போகிற இடத்தை. பிறகு மெதுவாக எழுந்து, வாளியை எடுத்து, முற்றத்துப் பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்தாள். மூடிய விரல்களால் அதைத் திறக்க முடியவில்லை. மணிக்கட்டால் தள்ளித் திறந்தாள்.

ரேவதி என்னைப் பார்த்தாள். பிரபு என்னைப் பார்த்தான். எல்லோருக்கும் ஒரே பயம். இதற்கு மேல் என்ன செய்வது? எனக்கு வேறு வழி தெரியாமல் மறுபடி மாடிக்கு ஓடினேன். பாய் ஏதாவது தப்புச் செய்திருப்பார், எங்காவது திருகினால் அந்தச் சத்தம் திரும்ப வரும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தடவினேன்.

கைப்பிடிச் சுவருக்குக் கொஞ்சம் மேலே, சரியாக உன் இடுப்பு உயரத்தில், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ அந்தக் குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பாய். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்ட் இல்லை. சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் ஆணி. ஆணியில் கம்பி. கம்பியில் தொங்குகிறது உன் பழைய ஸ்பானர்.

அட, மச்சான். இரும்பு சூடானால் விரியுமா? விரிந்தால் சத்தம் கொடுக்குமா? சேறு அடைத்தால் காற்று இடிக்குமா? பாய்லர்காரன் ஒரு பொய் சொன்னான், பைப்புக்காரர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார், நான் இரண்டையும் நம்பினேன்.

ஸ்பானரை எடுத்தேன். என்ன தட்டினேன், எத்தனை தட்டினேன் என்று யோசிக்கவில்லை. டங். டங். டங்.

கீழே பச்சைத் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

தெருமுனையில் யாரோ ஒரு சரம் வெடித்தார்கள். பிறகு வீட்டை ஒட்டிய சந்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி! கூடைய எறக்கு."

"எந்தக் கூட? எதுக்குக்கா?"

"மூணு தட்டுனியே. டீ வேணுமா வேணாமா?"

கைப்பிடிச் சுவரில் ஒரு கயிறு கட்டிக் கிடந்ததையும், அதன் முனையில் ஒரு கம்பிக் கூடை இருந்ததையும் நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். காய்கறிக்காரனுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மாடிக்கு வரும்போதெல்லாம் நீ எப்படிக் கையில் சூடான டீயோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு ஒரு டீ வரவேண்டும் என்றால் ரேவதியிடம் மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும். உனக்கு மட்டும் வானத்திலிருந்து இறங்குகிறதா என்று கேட்டதற்கு, "மேலேர்ந்து இல்ல மாப்ள" என்று சிரித்தாயே. கீழேயிருந்து ஏறியிருக்கிறது!

சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். தலை நிறைய எண்ணெயோடு அக்கா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா? மச்சான்தான் தட்டுதுன்னு?"

"பைப்பு எங்கனா எண்ணித் தட்டுமா தம்பி? ரெண்டு தட்டுனா தண்ணி ரெடி. மூணாவது தட்டு, அந்தாளுக்கு டீ வேணும்."

"ஏன்கா யாருக்கும் சொல்லல?"

"பொண்டாட்டிக்கு மணி அடிச்சிக் குளிக்கக் கூப்புடறான்னு தெரு சிரிக்கும்ல? அதுவும் உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சொல்லும். எங்க மாப்ளைக்குத் தெரிஞ்சா புக்குல போட்டுருவான்னு."

போட்டுவிட்டேன் மச்சான். நீ பயந்தது சரிதான்.

கூடையை இறக்கினேன். கயிறு கையை அறுத்தது. கொஞ்ச நேரத்தில் தூக்கில் டீ ஏறி வந்தது. நான் சர்க்கரை வியாதிக்காரன், எனக்கு வெறும் டீதான் என்பது அக்காவுக்குத் தெரியும். பழகிய கை, உனக்குப் போடுகிற அளவே சர்க்கரை போட்டிருந்தது. ஒரு மிடறு குடித்ததும் தெரிந்துவிட்டது. கீழே சொல்லவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். இதை ரேவதியிடம் நீயும் சொல்லாதே.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம், நீ டீ கேட்ட நாளில் எல்லாம் நான் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கலந்து நடுங்கிக்கொண்டே குளித்திருக்கிறேன்! நீ அதை மேலே உட்கார்ந்து டீயோடு நினைத்துச் சிரித்திருப்பாய். சிரித்தாயா? இப்போது சிரிக்கிறாயா?

நான் குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது சூடானது. உள்ளே தண்ணீர் இறங்குவது கைக்குத் தெரிந்தது. பிறகு கீழே செம்பால் மொண்டு ஊற்றும் சத்தம். நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம். நடுவில் வேறொரு சத்தமும் கேட்டது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது குழாய் மட்டும் இல்லை, அவ்வளவுதான். குளித்து வந்து அக்கா பிரபுவின் வாயில் அதிரசம் ஊட்டினாள். அவளே விண்டு, அவளே ஊட்டினாள். விரல் முழுதாகப் பிரியவில்லை. சுண்டுவிரல் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. சரியாகும் என்கிறார் டாக்டர். பிரபு அதிரசத்தை மென்றுகொண்டே, "கீசரு இப்ப வேணாம் மாமா" என்றான்.

காதர் பாய்க்கு உண்மையைச் சொல்லவில்லை. காலையில் சத்தம் வருகிறதே பாய் என்று கேட்டேன். "அப்போ எங்கியோ கொஞ்சம் சேறு மிச்சம் கீது சார்" என்றார். இருக்கட்டும் பாய், அதை எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் விடியற்காலையில் நான்தான் மாடியேறுகிறேன். படியேறும்போது மூச்சு வாங்குகிறது, தீ பிடிக்க நேரமாகிறது, புகையில் கண் எரிகிறது. கண் எரிவதால்தான் கண்ணீர் என்று ரேவதியிடம் சொல்கிறேன். அவளும் பாய்லர்காரன் தங்கச்சிதான், நம்புகிற மாதிரி தலையாட்டுகிறாள். எதிர் வீட்டம்மா, "இன்னா, கப்பலுக்குப் புது கேப்டனா?" என்கிறாள். கேப்டன் இல்லை, கரி அள்ளுகிறவன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அக்காவின் கை விரிகிறவரைக்கும், விரிந்த பிறகும், என் முட்டி ஏறவிடுகிற நாள் வரைக்கும், தினமும் தண்ணீர் கொதித்ததும் உன் ஸ்பானரால் தட்டுவேன். இரண்டு மட்டும். மூன்றாவது தட்டல் உன்னுடையது. அதைத் தீபாவளி அன்று தெரியாமல் தொட்டுவிட்டேன், இனிமேல் தொடமாட்டேன்.

கூடை கயிற்றோடு அங்கேயேதான் இருக்கிறது. என்றைக்காவது நான் மாடியேறுவதற்கு முன்பே குழாயில் மூன்று சத்தம் கேட்டால், யாரும் பயப்படாதீர்கள், இரும்பு சூடானால் விரியும், விரிந்தால் சத்தம் கொடுக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் நானே சொல்லிவிடுகிறேன். அக்கா மட்டும் டீக்குத் தண்ணீர் வைக்கட்டும்.

உன் வீட்டுக்கு இரண்டு பெட்டியோடு வந்து, இன்னும் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கும்,
உன் தங்கச்சி புருஷன்,
மாப்பிள்ளை கஜேந்திரன்